கையில் போடும் ஊசி

காட்பாடி ஆரம்ப சுகாதார நிலையம், காலை வரிசை.

"தொப்புளச் சுத்தித்தானம்மா போடுவீங்க?" பேரனை நாய் கடித்த பதற்றத்தில் ஒரு பாட்டி.

"அதெல்லாம் அப்போ பாட்டிம்மா. இப்போ கையிலதான்" என்றார் நர்ஸ்.

ரேபிஸ் என்ற வெறிநாய்க்கடி நோய்க்கான அந்தப் பழைய தடுப்பூசி ஆட்டு மூளையில் தயாரானது. இப்போது வீரோ செல்லில் வைரஸை வளர்க்கிறார்கள். 1962-இல் ஜப்பானில், ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து, ஆய்வகத்தில் தொடர்ந்து பெருக்கிவரும் செல் வரிசை அது.

37 டிகிரியில் குடுவையின் அடியில் ஒட்டி வளரும். பிரிக்க டிரிப்சின் என்ற நொதி. செல்கள் உருண்டு கழன்றதும் சீரம் கலந்த ஊடகம் (செல்களுக்கான ஊட்டத் திரவம்) ஊற்றி நொதியை நிறுத்த வேண்டும். தாமதித்தால் செல் சவ்வே சிதையும்.

பாக்டீரியா புகுந்தால் ஊடகம் கலங்கி மஞ்சளாகும், தெரிந்துவிடும். மைக்கோபிளாஸ்மா என்ற, செல் சுவரே இல்லாத மிகச் சிறிய பாக்டீரியா அப்படியில்லை. 0.2 மைக்ரான் வடிகட்டியிலும் நழுவும், கலங்கலே இருக்காது. தனியாகச் சோதித்தே ஆகவேண்டும்.

ரேபிஸ் வைரஸ் அதைவிடச் சாது போல நடிக்கும். பெரும்பாலும் செல்லை உடைக்காது. சாதாரண நுண்ணோக்கியில் எல்லாம் நலமாகவே தெரியும். ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பான் (வைரஸைத் தேடிப்போய் ஒட்டும் புரதம்) போட்டால்தான் செல்லுக்குள் ஆப்பிள் பச்சையில் புள்ளி புள்ளியாக மின்னும். எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த காட்சி.

அறுவடை செய்த வைரஸைப் பீட்டா புரோபியோலாக்டோன் என்ற வேதிப்பொருள் கொல்லும். கொன்றுவிட்டது என்று அப்படியே நம்பிவிட மாட்டார்கள். புதிய வீரோ செல்களில் அதை ஊற்றி 21 நாள் காத்திருப்பார்கள். ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தாலும் அந்தத் தொகுதி வெளியே போகாது.

பயப்படாம போட்டுக்கோங்க. முதல் ஊசி போடுற நாள் 0; அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாள், ஒரு நாளையும் விடாதீங்க.