ஒரு வளைகோட்டில் முடிந்த வாக்கியம்

சட்டமன்றச் செயலகத்தில் சுருக்கெழுத்தராகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, பேசுகிறவரின் முகத்தைப் பார்க்காதே, காதை மட்டும் கொடு என்று மூத்தவர் ஒருவர் எனக்குச் சொல்லித் தந்தார். அவைத்தலைவரின் இருக்கைக்குக் கீழே போடப்பட்ட மேசையில் ஐந்து நிமிடத்துக்கு ஒருவராக மாறி மாறி அமர்வோம். என் முறை முடிந்ததும் அடுத்தவர் வந்து உட்கார, நான் எழுந்துபோய் எழுதியதைத் தட்டச்சு செய்து சரிபார்த்துக் கொடுத்துவிட்டு, மீண்டும் என் முறைக்குத் திரும்புவேன். 27 ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. மக்கள் பிரதிநிதிகள் பதவியில் இருக்கும் காலத்துக்கு ஒரு வரம்பு வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அந்த மேசையில்தான் உருவானது.

அடிக்கடி வரும் சொற்றொடர்களுக்குச் சுருக்கெழுத்தர்கள் தமக்கென்று தனிக்குறிகளை உண்டாக்கிக்கொள்வது வழக்கம். 'மாண்புமிகு அவைத்தலைவர் அவர்களே' என்பது எங்கள் எல்லாருக்கும் ஒரு சிறு கொக்கி. பணியில் பத்து ஆண்டுகள் கடந்த பிறகுதான், ஓர் உறுப்பினருக்கென்றே ஒரு குறி என் குறிப்பேட்டில் உருவாகியிருப்பதைக் கவனித்தேன். 'இந்த அவையில் பல ஆண்டுகளாக நான் வலியுறுத்திவரும் கோரிக்கையைத் தங்கள் வாயிலாக மீண்டும் ஒருமுறை அரசின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்' என்பது அவருடைய வாக்கியம். அவர் 'இந்த அவையில்' என்று தொடங்கியதுமே முழுவதையும் ஒரே வளைகோட்டில் முடித்துவிட்டு, அடுத்து வருவதற்காகக் காத்திருப்பேன். அப்போது அவர் ஐந்தாவது முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். நேர்மையானவர், அவைக்குத் தவறாமல் வருபவர், எங்களைப் பெயர் சொல்லி நலம் விசாரிக்கும் மிகச் சிலரில் ஒருவர். இருந்தும் அந்த வளைகோடு என்னை உறுத்தியது. ஒரே கோரிக்கையை ஒருவர் இத்தனை ஆண்டுகள் வலியுறுத்திவருகிறார் என்றால், வலியுறுத்துவதும் கேட்டுக்கொள்வதும் இரு தரப்புக்கும் வசதியான ஏற்பாடாகிவிட்டன என்றுதான் எனக்குத் தோன்றியது.

மக்கள் பிரதிநிதிகளின் பதவிக்காலத்துக்கு வரம்பு வேண்டும் என்போர் பெரும்பாலும் ஊழலையும் முதுமையையும் முன்வைக்கிறார்கள். நான் கண்டவரையில் இரண்டுமே வலுவற்ற வாதங்கள். ஊழலுக்கு நீண்ட காலம் தேவையில்லை. முதல்முறை வந்தவர்களே அதைத் திறம்படச் செய்வதுண்டு. எழுபது வயதில் முதன்முதலாக அவைக்கு வந்து, இளையவர்களைவிடக் கூர்மையாகப் பேசியவரின் உரைகளையும் நான் எழுதியிருக்கிறேன். சேதம் வேறோர் இடத்தில் நிகழ்கிறது. நெடுங்காலம் இருப்பவருக்கு விடைகள் முன்கூட்டியே தெரிந்துவிடுவதால், அவர் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறார்.

இதை, அரசின் செலவுக் கணக்குகளை ஆராயும் உறுப்பினர் குழுவான பொதுக்கணக்குக் குழுவின் கூட்டம் ஒன்றில் கண்ணெதிரே பார்த்தேன். தணிக்கை அறிக்கையின் பத்திகளை ஒவ்வொன்றாக எடுத்து, துறைச் செயலாளரிடம் விளக்கம் கேட்டு, 'ஏற்கப்பட்டது' என்று கடந்துகொண்டிருந்தார்கள். முதல்முறை உறுப்பினரான ஓர் அம்மையார் கையை உயர்த்தி, ஒதுக்கிய தொகையில் பாதியை நிதியாண்டின் கடைசி நாளில் திருப்பி ஒப்படைத்துவிட்டு, மறு ஆண்டும் அதே தொகையை ஏன் கேட்கிறீர்கள் என்று வினவினார். செயலாளர் கோப்பைப் புரட்டினார். பின்னால் அமர்ந்திருந்த அதிகாரி ஒரு தாளை நீட்டினார். அதைப் படித்துவிட்டு அவர் மீண்டும் கோப்பைப் புரட்டினார். அதற்குள், நான்கு அவைக்காலங்களாக அந்தக் குழுவில் இருந்துவரும் தலைவர் சிரித்தபடி, "அது அந்தத் துறையில் வழக்கந்தான், அம்மா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த பத்திக்குப் போய்விட்டார்கள். அந்தக் கேள்விக்குரிய விடை நான் எழுதிய பதிவில் இன்றுவரை இல்லை.

அதே தலைவர்தான், இரண்டு ஆண்டுகள் கழித்து, வேறொரு துறை தந்த விளக்கத்தைக் கேட்டதும் கண்ணை மூடி யோசித்து, இதற்கு நேர்மாறான உறுதிமொழி ஒன்றை இதே துறை 14 ஆண்டுகளுக்கு முன் அவையில் தந்திருக்கிறது என்றார். என்னைத்தான் நூலகத்துக்கு அனுப்பினார்கள். ஏணியில் ஏறி அந்தத் தொகுதியை எடுத்துத் தூசி தட்டிக் கொண்டுவந்தேன். அவர் சொன்ன பக்கத்துக்கு இரண்டு பக்கம் தள்ளி அது இருந்தது. அந்தத் துறை அன்று வாயடைத்துப்போனது. வரம்பை ஆதரித்து எழுத உட்காரும்போதெல்லாம் இந்த நிகழ்ச்சி என்னைக் கொஞ்சம் தயங்க வைக்கிறது.

உலக அனுபவமும் இதைப் போலவே இரண்டு பக்கமும் இழுக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலிருந்து ஜான் டிங்கல் 1955 முதல் 2015 வரை, 59 ஆண்டுகள், நாடாளுமன்றத்தின் கீழவையில் இருந்தார். அனைவருக்கும் மருத்துவக் காப்பீடு என்ற மசோதாவைத் தந்தையைப் போலவே ஒவ்வோர் அவைக்காலத்திலும் விடாமல் முன்வைத்த அவருடைய பொறுமையை நான் வணங்குகிறேன். ஆனால் 1933இல் தந்தை, 1955இல் மகன், 2015இல் மகனின் மனைவி என அந்த இடம் ஒரே குடும்பத்தில் தொடர்வதையும் காண்கிறேன். வரம்பு விதித்தால் மட்டும் குடும்பம் விலகிவிடும் என்று நம்பவும் வழியில்லை. பிலிப்பைன்ஸின் 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பு, கீழவை உறுப்பினர் மூன்றாண்டு கொண்ட மூன்று பருவங்களுக்கு மேல் தொடர்ந்து இருக்கக்கூடாது என்கிறது. அங்கே கணவர் இறங்க மனைவியோ மகனோ ஏறி, இடத்தைச் சூடு ஆறாமல் காப்பது சாதாரணமாகிவிட்டது. மெக்சிகோ 1933இல் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அடுத்தடுத்து மீண்டும் தேர்ந்தெடுக்கப்படுவதை அடியோடு தடைசெய்தது. அடுத்த பதவியைத் தரப்போவது வாக்காளர் அல்ல, கட்சித் தலைமைதான் என்றானபின், உறுப்பினர்களின் பார்வையும் தலைமையின் பக்கமே திரும்பியது.

கலிபோர்னியாவின் கதைதான் என் தொழிலுக்கு மிக நெருக்கமானது. 1990இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் அங்கே கீழவைக்கு 6 ஆண்டு, மேலவைக்கு 8 ஆண்டு என்று வரம்பு வந்தது. அதே தீர்மானம் சட்டமன்றத்தின் செலவையும் வெட்டியதால், அனுபவம் மிக்க ஊழியர்கள் பலர் வெளியேறினார்கள். உறுப்பினரும் புதியவர், ஊழியரும் இல்லை என்றால், அவையில் பழைய கதை தெரிந்தவர் யார் மிஞ்சுவார்? ஆட்சித்துறையின் அதிகாரிகளும், கம்பெனிகளுக்காகப் பரிந்துபேச வருவோருமே மிஞ்சுவார்கள். 2012இல் அந்த வரம்பை எந்த அவையிலானாலும் மொத்தம் 12 ஆண்டு என்று திருத்திக்கொண்டார்கள். மிச்சிகனும் 2022இல் அதே எண்ணுக்கு வந்து சேர்ந்தது.

ஒரு பொதுத்தேர்தலில் எங்கள் அவையில் பாதிக்கு மேல் புதியவர்கள் வந்தபோது, இந்த ஆபத்தை நானே சிறிய அளவில் சுவைத்தேன். அரசு கேட்கும் தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானத்தை எப்படி எழுதுவது, துணைக்கேள்வியை எந்த நொடியில் எழுப்புவது என்றெல்லாம் எங்களிடம்தான் வந்து கேட்டார்கள். 'அப்படிக் கேட்கும் மரபு இல்லை, ஐயா' என்று நான் ஒருமுறை சொன்னதும், ஒருவர் தம் கேள்வியை மறுபேச்சில்லாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அப்படி ஒரு மரபு இருந்ததா என்று அன்று மாலை விதிநூலில் தேடினேன், இல்லை. யாரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்காத நான் அன்று ஒரு கேள்வியைக் கொன்றிருந்தேன்.

ஆகவே, வரம்பு வேண்டும். ஆனால் ஆறாண்டு போதாது. தொழிலைக் கற்க ஓர் அவைக்காலம், கற்றதைப் பயன்படுத்த இரண்டு என்று கணக்கிட்டால், பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டுகள் நியாயமானவை. அதற்கும் முன்பாகக் குழுத்தலைவர் பதவிகளுக்கு வரம்பு வரவேண்டும். அமெரிக்கக் கீழவையில் குடியரசுக் கட்சியினர் 1995இலேயே தங்கள் குழுத்தலைவர்களுக்கு 6 ஆண்டு என்று விதித்துக்கொண்டார்கள். பழைய தொகுதிகளைத் தேடி எடுத்துக் கொடுக்க நூலகத்திலும் குழுக்களிலும் நிலையான ஊழியர்கள் இருக்கவேண்டும். ஆனால் எந்த ஊழியரும் ஒரே குழுவில் வேரூன்றக் கூடாது. எங்களுக்கு ஓய்வு வயது என்று ஒன்று இருந்ததை நான் ஒருபோதும் அவமதிப்பாகக் கருதியதில்லை.

வாக்காளர் விரும்பினால் தேர்தலிலேயே மாற்றிக்கொள்ளலாமே, சட்டம் எதற்கு என்பது நல்ல கேள்வி. மாற்றலாம்தான். ஆனால் ஒரு தொகுதி தன் மூத்த உறுப்பினரைக் கைவிட்டால், அவருடைய மூப்பால் அதற்குக் கிடைக்கும் சலுகைகளையும் இழக்கிறது. பக்கத்துத் தொகுதி இழப்பதில்லை. எல்லாரும் ஒன்றாகக் கைவிட்டால்தான் யாருக்கும் நட்டமில்லை.

என் பணிக்காலத்தின் இறுதியில், அமைச்சரல்லாத ஓர் உறுப்பினர் கொண்டுவரும் தனியுறுப்பினர் தீர்மானமாக, பதவிக்கால வரம்புக் கோரிக்கை ஒருமுறை அவைக்கு வந்தது. வாரத்தின் கடைசி அமர்வு நாள், பிற்பகல். பலரும் ஊருக்குக் கிளம்பிவிட்டிருந்தார்கள். எதிர்த்துப் பேச எழுந்தவர், என் வளைகோட்டுக்கு உரியவரான அந்த மூத்த உறுப்பினர். என் ஐந்து நிமிடம் முழுவதும் அவரே பேசினார். அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கையான குறைவெண்ணுக்கும் ஆளில்லை என்று யாரோ சுட்டிக்காட்ட, மணி நெடுநேரம் ஒலித்தது; ஆள் சேரவில்லை; விவாதம் ஒத்திவைக்கப்பட்டது. சில மாதங்களில் அவை கலைந்ததும் தீர்மானமும் காலாவதியானது. அன்று தட்டச்சு செய்வதற்காகக் குறிப்பேட்டைத் திறந்தபோது, வழக்கமாக ஐந்தாறு பக்கம் வரும் என் முறை இரண்டே பக்கத்தில் முடிந்திருந்தது.