நுரைக் குழாயில் குளவி

2024 ஓகஸ்ட் 6, செவ்வாய்

சோளகம் இன்றும் ஓயவில்லை. எங்கள் பெற்றோல் செட்டின் கூரைத் தகரம் விடியற்காலையிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கிறது. போதாக்குறைக்கு ஏ9 வீதியால் போகிற லொறிகளின் புழுதி.

வவுனியாவிலிருந்து மாஸ்ரர் வந்தார். தீயணைப்பில் இருந்து ஓய்வுபெற்றவர், இப்போது செட், ஆலை என்று போய்ப் பொடியளுக்கு நெருப்பணைக்கப் பழக்குகிறார். தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் நேரே பம்படிக்குப் போய், நெருப்பணைக்கிற நுரைச் சிலிண்டரின் குழாய் வாயை விரலால் தடவினார். மண் உதிர்ந்தது. வேட்டுவன் குளவி. வாயை மட்டுமல்ல, குழாயின் கழுத்தில் இருக்கிற சின்னத் துளைகளையும் சேர்த்து அழகாகப் பூசி வைத்திருக்கிறது. ஈர்க்கால் கிண்டினால் உள்ளே ஒரு பச்சைப் புழு.

"அந்தத் துளையாலதான் தம்பி காத்து உள்ளுக்குப் போறது. காத்து இல்லாட்டி நுரை இல்லை. வெறும் சவர்க்காரத் தண்ணிதான் பீச்சும்."

சிலிண்டரில் தொங்கும் அட்டையில் மார்ச் மாதம் பரிசோதித்ததாக ஒரு கையெழுத்து. காசு வாங்கியவர்கள் துணியால் துடைத்து அட்டையைக் கட்டியதோடு சரி. யாரென்று எழுதவில்லை. ஐந்து மாதமாக அதற்குப் பக்கத்திலேயே கதிரை போட்டு இருந்தவன் நான்தானே.

ஓகஸ்ட் 8, வியாழன்

இரவு பகலாய் மாஸ்ரர் சொன்னதுதான் தலைக்குள் ஓடுகிறது. எங்கள் நுரையில் 100 லீற்றருக்கு 97 தண்ணீர், 3 மட்டும்தான் மருந்து. குழாயில் காற்றுச் சேர்ந்து பல மடங்காகப் பொங்குகிறது. ஆக, தண்ணீரும் காற்றும். நெருப்புக்குக் காற்றையே கொடுத்து நெருப்பை அணைப்பதா என்று பம்ப் பொடியன் கேட்டான். நல்ல கேள்விதான்.

எரிவது பெற்றோல் இல்லை, பெற்றோலின் ஆவி. பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் பற்றக்கூடிய அளவு ஆவியை அது விடும். டீசலுக்கு 50 பாகைக்கு மேல் சூடு வேண்டும். எங்கள் மத்தியான வெயிலில் சிந்துகிற பெற்றோலுக்குக் கேட்கவா வேண்டும்! அந்த ஆவி காற்றைவிடப் பாரம், நிலத்தோடு படுத்து வடிகானுக்குள் இறங்கி ஓடும். நுரை செய்வது ஒன்றுதான்: பாலில் ஆடை படிகிற மாதிரி மேலே படுத்து ஆவியை வெளியே விடாது. கூடவே கொஞ்சம் குளிரவும் வைக்கும்.

வெறும் தண்ணீர் பெற்றோலுக்குக் கீழே போய்விடும். இதை எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. யுத்தகாலப் பொருளாதாரத் தடையில் மோட்டார் சைக்கிளை ஸ்ரார்ட் பண்ண மட்டும் நாலு சொட்டுப் பெற்றோல், பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டம். மாமா அந்தப் பெற்றோலைச் சாராயப் போத்தலில் அடைத்து மண்ணெண்ணெய்க் கானோடு மாலுக்குள் வைத்திருந்தார். ஒருநாள் போத்தல் விளக்கு சரிந்தது. மாமா கிணற்றடியில் இருந்து வாளியோடு ஓடிவந்து ஊற்றினார். நெருப்பு அந்தத் தண்ணீரில் ஏறி, முற்றத்தால் வழிந்து, கிடுகு வேலி வரை போனது. நெருப்பு மிதந்து போனதை அன்றுதான் பார்த்தேன்.

ஓகஸ்ட் 11, ஞாயிறு

பின்காணியில் பயிற்சி. நாலடிக்கு நாலடி இரும்புத் தட்டு. அடியில் தண்ணீர், மேலே டீசல், பற்ற வைக்கக் கொஞ்சம் பெற்றோல். காற்று முதுகில் படுகிற மாதிரி நில் என்றார்.

முதலில் பொடியன். பயத்தில் நெருப்பின் நடு வயிற்றிலேயே குத்தினான். டீசல் தெறித்து, தட்டுக்கு வெளியே புல்லும் எரிந்தது. மாஸ்ரர் சிரிக்கவில்லை. "அடிக்கிறேல்லை தம்பி. போர்க்கிறது. பிள்ளைக்குப் போர்வை போர்க்கிற மாதிரி."

பிறகு அவர் செய்து காட்டினார். குழாயைத் தட்டுக்கு முன்னால் நிலத்தில் பிடித்தார். நுரை நிலத்தில் பட்டு, குவிந்து, தானாக வழிந்து உள்ளே நுழைந்தது. வெள்ளை ஓரம் மெல்ல முன்னேற, அதற்கு முன்னால் நெருப்பு பின்வாங்கிப் பின்வாங்கி மூலைக்குள் ஒடுங்கியது. மூலையில் மட்டும் கொஞ்ச நேரம் 'சுர்ர்' என்று கேட்டது. பின்னால் ஒரு சுவர் இருந்தால் அதில் அடித்து வழிய விடலாமாம். எப்படியென்றாலும் எண்ணெய்க்குள் நேரே குத்தக் கூடாது. ஒன்பது லீற்றர்ச் சிலிண்டர் ஒரு நிமிடத்தளவில் முடிந்துவிடும், அதனால் முதல் பத்து விநாடியை வீணாக்குகிறவனுக்கு மிச்சம் பெரிதாக இல்லை.

அணைந்ததும் நாங்கள் கைதட்ட, உதவிக்கு நின்ற அண்ணை ஒருவர் தட்டைக் கழுவுகிற எண்ணத்தில் வாளித் தண்ணீரை வீசினார். நுரை பிளந்தது. விளிம்பு இரும்பு இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கென்று மறுபடி பற்றியது.

1967 இல் அமெரிக்காவின் ஃபொரெஸ்டல் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலும் இதே கதை நடந்தது என்றார் மாஸ்ரர். ஒரு பக்கம் நுரை போட, மறுபக்கம் தண்ணீர் அடித்து அதைக் கழுவிவிட்டார்களாம். அந்தத் தீயில் 134 பேர் செத்தார்கள். வாளி அண்ணை அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

ஓகஸ்ட் 12, திங்கள்

நேற்றைய நுரை சரிவால் வழிந்து பக்கத்து வளவு வேலியடியில் வெள்ளைக் கோடாய்க் காய்ந்து கிடக்கிறது. வேலிக்கு அங்கால் ஆச்சியின் கிணறு.

"என்ன தம்பி, சவர்க்காரத் தண்ணியே உது?"

"ஓம் ஆச்சி" என்று சொல்லிவிட்டேன். அது பொய்.

பழைய நுரை மருந்துகளில் புளோரீன் சேர்ந்த இரசாயனங்கள் உண்டு. எண்ணெய்க்கு மேல் மெல்லிய நீர்ப்படலம் விரிவது அவற்றால்தான், மருந்தின் கெட்டித்தனமும் அதுவே. ஆனால் அவை மண்ணில் உக்காது, தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் போகாது. அவற்றில் ஒன்றான பி.எஃப்.ஓ.எஸ்.ஐ 2009 இல், உக்காத நச்சு இரசாயனங்களைக் கட்டுப்படுத்துகிற ஸ்ரொக்ஹோம் சமவாயம் என்ற உலக உடன்படிக்கையின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். இப்போது புளோரீன் இல்லாத நுரையும் வருகிறது. எங்கள் சிலிண்டரில் எது? அட்டையில் எழுத்து அழிந்து கிடக்கிறது. மாஸ்ரருக்குக் கோல் எடுத்தேன். கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு, "இனிமேல் பழக்கத்துக்கு வெறும் தண்ணி நிரப்பின சிலிண்டர் கொண்டு வாறன்" என்றார்.

பின்னேரம் நானும் பொடியனும் மண்வெட்டியோடு போய், காய்ந்த மேல்மண்ணை வழித்துப் பழைய பரலுக்குள் போட்டு மூடினோம். அதைப் பிறகு எங்கே கொண்டுபோவது என்று முதலாளியிடம் கேட்டால் என்னைப் பைத்தியம் என்கிறார்.

ஓகஸ்ட் 20, செவ்வாய்

எண்ணெய்ப் பவுசர் வந்தது, 13,200 லீற்றர். மின்னேற்றம் நிலத்துக்கு இறங்க மண்கம்பியைக் கொளுவிய பிறகுதான் குழாயைப் பூட்ட விட்டேன். பொடியன் தானாகவே சிலிண்டரைத் தூக்கிவந்து காற்றுப் பக்கமாக நின்றான். நின்றபடி கேட்டான்: "அண்ணை, குழாய் அறுந்து பெற்றோல் பீச்சிப் பீச்சி எரிஞ்சா?"

அப்போது நுரை உதவாது. படுத்துக் கிடக்கிற எண்ணெயில்தான் அது நிற்கும், ஓடுகிறதில் நிற்காது. முதலில் வால்வைப் பூட்ட வேண்டும். வால்வு எங்கே என்று கேட்டேன். சரியாகக் காட்டினான். பக்கத்துக் கடையில் இருக்கிற ஸ்பிரிட் பற்றினால் இந்த நுரை கரைந்துவிடும், அதற்கு வேறு வகை வேண்டும் என்பதையும் சொல்லி வைத்தேன்.

ஓகஸ்ட் 23, வெள்ளி

காலையில் குழாயைப் பார்த்தேன். துளை ஒன்றின் ஓரத்தில் ஈரமண், கடலைப் பருப்பளவு. துடைத்துவிட்டுக் கதிரையில் இருந்தேன். பத்து நிமிடத்தில் குளவி வாயில் அடுத்த மண்ணோடு வந்து, கூடு எங்கே என்று குழாயைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது.