மின்தடை, மின்திறன் கணக்குகள்: முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை, இரண்டையும் பெருக்கினால் மின்திறன். இதை மனப்பாடம் செய்ய அரை மணி நேரம் போதும். மண்டபம் ஊரில் பத்தாம் வகுப்பு எழுதியபோதும், பிறகு ராமநாதபுரத்தில் மின்பணியாளர் பயிற்சி படித்தபோதும் எனக்குக் கைகொடுத்தது வேறொரு பழக்கம். கேட்கப்படும் மின்தடை எந்தப் பொருளுடையது, அந்தப் பொருளின் இரு முனைகளுக்கு இடையே எத்தனை வோல்ட் என்று கண்டுபிடித்த பிறகே சூத்திரத்தை எழுதுவேன்.

எங்கள் கடற்கரையில் இதற்கு ஆய்வகம் தேடிப் போக வேண்டியதில்லை. உப்புக் காற்றில் நாட்டுப்படகின் பேட்டரி முனையில் களிம்பு ஏறிவிடும். விளக்கு மங்கி எரியும். பேட்டரியில் 12 வோல்ட், விளக்கின் முனைகளில் 11 வோல்ட், மின்னோட்டம் 2 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலர் 12ஐ 2ஆல் வகுத்து, விளக்கின் மின்தடை 6 ஓம் என்று எழுதிவிடுவார்கள். அது முழுச் சுற்றின் மின்தடை. விளக்கினுடையது 11 ÷ 2 = 5.5 ஓம். மீதி 0.5 ஓம் களிம்பிலும் கம்பியிலும் ஒளிந்திருக்கிறது. மின்திறனும் இப்படியே பிரியும்: விளக்குக்கு 22 வாட், வழியில் வெப்பமாகப் போவது 2 வாட், பேட்டரி கொடுப்பது 24 வாட். கூட்டிப் பாருங்கள், சரியாக வருகிறதா? தேர்வறையில் இதைவிட நம்பகமான சரிபார்ப்பு எனக்குத் தெரியாது. (நேரில் அளந்து பார்க்கும் ஆசை வந்தால் 12 வோல்ட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டு 230 வோல்ட் விளையாட்டல்ல.)

அடுத்தது, நன்றாகப் படிப்பவர்களும் சறுக்கும் கேள்வி. 230 வோல்ட்டில் 1000 வாட் தரும் வெந்நீர்ச் சூடேற்றிக்கு 200 வோல்ட் மட்டும் கிடைத்தால் மின்திறன் எவ்வளவு? மின்னழுத்தம் குறைந்த அதே விகிதத்தில் மின்திறனையும் குறைத்து 870 வாட் என்பவர்கள் அதிகம். மின்னழுத்தம் குறையும்போது மின்னோட்டமும் சேர்ந்து குறைவதை அவர்கள் கவனிப்பதில்லை. இங்கே ஏறக்குறைய மாறாமல் இருப்பது மின்தடைதான்: 230 × 230 ÷ 1000 = 52.9 ஓம். ஆகவே 200 × 200 ÷ 52.9, அதாவது சுமார் 756 வாட். 20/23 என்ற பின்னத்தை வர்க்கப்படுத்தி 1000ஆல் பெருக்கினாலும் இதே விடை. 52.9 ஓமைத் தனியாகக் கணக்கிட வேண்டியதில்லை. ஆனால் எல்இடி விளக்குக்கும் மின்விசிறிக்கும் இந்த வழியை நீட்டிவிடாதீர்கள். சூடேற்றியைப் போல அவற்றை ஒரே மின்தடை கொண்டவையாகக் கருத முடியாது.

ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கும் தொடரிணைப்பில் எல்லாவற்றிலும் மின்னோட்டம் ஒன்றே என்பதால், மின்திறன் காண அதை வர்க்கப்படுத்தி மின்தடையால் பெருக்குவது சுலபம். ஒரே இரு முனைகளுக்கு இடையே அருகருகே இணைக்கும் பக்க இணைப்பில் மின்னழுத்தம் பொது. அதன் வர்க்கத்தை மின்தடையால் வகுத்துவிடலாம்.

மில்லி ஆம்பியரைக் கண்டால் மட்டும் பேனாவை ஒரு கணம் நிறுத்துங்கள். 12 வோல்ட், 250 மில்லி ஆம்பியர் என்றால் முதல் வரியிலேயே 0.25 ஆம்பியர் என்று மாற்றி எழுதுங்கள். மின்தடை 48 ஓம், மின்திறன் 3 வாட் என்று வந்துவிடும். மாற்றாமல் பெருக்கினால் 3000 வாட். சின்ன பேட்டரி விளக்கு மூன்று சூடேற்றிகளுக்குச் சமம் என்று விடைத்தாளில் எழுதியதாக ஆகிவிடும்.