ராணுவம் மாதிரி கம்பெனி நடத்தலாமா?

"கம்பெனியை ராணுவம் மாதிரி நடத்தணும்" என்று சொல்கிறவர்கள் 1991 வளைகுடாப் போரின் சரக்குக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐந்து லட்சத்துக்கும் அதிகமான அமெரிக்க வீரர்கள், அவர்களுக்கான சாப்பாடு, தண்ணீர், எரிபொருள், வெடிபொருள் எல்லாம் சில மாதங்களில் வளைகுடாவுக்குப் போய்ச் சேர்ந்தன. பெரிய சாதனைதான். அந்த வேலையை முன்னின்று நடத்திய ஜெனரல் பகோனிஸை 1993-இல் சியர்ஸ் என்ற அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனம் தன் சரக்குப் பிரிவுக்கு அழைத்துக்கொண்டது.

ஆனால் அதே போரில் சுமார் 40,000 கண்டெய்னர்கள் போய் இறங்கின. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாததால் பாதிக்கு மேல் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. கேட்டது வருமோ வராதோ என்று ஒரே பொருளுக்குத் திரும்பத் திரும்ப ஆர்டர் போட்டார்கள். தனியார் நிறுவனம் இப்படி நடந்தால் இழுத்து மூட வேண்டியதுதான். ராணுவம் திவாலாகாது, செலவு வரி கட்டுகிறவர் தலையில். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன் முழுத் தணிக்கைக்கு உட்பட்டதே 2018-இல்தான். அதில் தேறவில்லை, அடுத்தடுத்த ஆண்டுகளிலும் தேறவில்லை.

சரி, ராணுவத்திடம் கற்றுக்கொள்ள எதுவுமே இல்லையா? இருக்கிறது. பயிற்சி முடிந்ததும் அதிகாரியும் சிப்பாயும் சேர்ந்து உட்கார்ந்து, எதைத் திட்டமிட்டோம், என்ன நடந்தது, ஏன் என்று வெளிப்படையாகப் பேசுகிறார்கள். அமெரிக்க ராணுவத்தில் பல பத்தாண்டுகளாக இருக்கும் பழக்கம் இது. மேலாளர் முன்னால் அப்படி வாய் திறக்கிற ஆபீஸ் நம் ஊரில் எத்தனை இருக்கிறது? எனக்கு அந்தப் பழக்கம்தான் வேண்டும். எங்கள் டீமில் அதைத் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறேன்.