கண்மூடிக் கிடந்த 19 மாதங்கள்

தரவுத் திருட்டு பற்றிய செய்தி எந்த நாட்டிலிருந்து வந்தாலும், அதில் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. வாடிக்கையாளர்களின் தகவலைக் காப்பதே எங்கள் தலையாய கடமை என்பது ஒன்று. மிகத் தேர்ந்தவர்கள் நடத்திய நுட்பமான தாக்குதலுக்கு நாங்கள் இரையானோம் என்பது மற்றொன்று. 14 ஆண்டுகளாகக் கணினி நிர்வாகியாக வேலை பார்த்துவரும் நான் இந்த இரண்டையுமே இப்போது நம்புவதில்லை. நம்பிக்கை ஒரே நாளில் போய்விடவில்லை. பெரிய திருட்டுகள் நடந்து ஓராண்டு, ஈராண்டு கழித்து, செய்தித்தாள்கள் அவற்றை மறந்துவிட்ட பிறகு வெளிவரும் விசாரணை அறிக்கைகளை வாசிக்க வாசிக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோனது. அவற்றுள் என்னை மிகவும் உலுக்கியது, ஈக்விஃபேக்ஸ் நிறுவனம் குறித்து அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையின் மேற்பார்வைக் குழு 2018 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை.

அட்லாண்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஈக்விஃபேக்ஸ், மக்கள் வாங்கும் கடன்களையும் திருப்பிச் செலுத்தும் ஒழுங்கையும் பதிவுசெய்து வங்கிகளுக்கு விற்கும் நிறுவனம். இந்தியாவிலும் ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்று இயங்கும் நான்கு கடன் தகவல் நிறுவனங்களில் அதுவும் ஒன்று. இத்தகைய நிறுவனத்துக்கு நாம் வாடிக்கையாளர்கள் அல்லர். நம்மைப் பற்றிய விவரமே அங்கே சரக்கு. நாம் அங்கே கணக்குத் தொடங்குவதில்லை என்பதால், கோபம் வந்தால் கணக்கை மூடிவிட்டு வேறிடம் போகவும் வழியில்லை. நான் சொல்ல வருவதெல்லாம் இந்த ஓர் உண்மையிலிருந்தே கிளைக்கிறது.

2017 மார்ச் 7 அன்று, இணையதளங்களைக் கட்டப் பயன்படும் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்னும் மென்பொருளில் பெரிய ஓட்டை இருப்பது அறிவிக்கப்பட்டது. அதை அடைக்கும் திருத்த நிரலான பேட்ச்சும் அன்றே இலவசமாகக் கிடைத்தது. மறுநாள் அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்புப் பிரிவு ஈக்விஃபேக்ஸுக்கு எச்சரிக்கை அனுப்பியது. அதற்கு அடுத்த நாள் ஈக்விஃபேக்ஸின் பாதுகாப்புக் குழு, 48 மணி நேரத்துக்குள் பேட்ச் போட வேண்டும் என்று 400க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியது. இதுவரை எல்லாம் சரியாகவே நடந்திருக்கிறது. ஆனால், கடன் விவரத்தில் பிழை இருந்தால் மக்கள் முறையிடுவதற்கான இணையதளத்தில் அந்தப் பேட்ச் போடப்படவில்லை. 1970களில் கட்டப்பட்ட அமைப்பு ஒன்றின் மேல் அந்தத் தளம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஸ்ட்ரட்ஸ் இருக்கிறது என்பதை உரியவர்கள் அறியாமலேயே இருந்தார்கள். ஓட்டையைத் தேட ஓட்டப்பட்ட ஸ்கேனர் நிரலும் அதைக் காணவில்லை. மே 13 அன்று திருடர்கள் உள்ளே வந்தார்கள்.

வந்தவர்களுக்கு அங்கே ஒரு கோப்பு கிடைத்தது. அதில் பயனர் பெயர்களும் கடவுச்சொற்களும் குறியாக்கம் எதுவும் செய்யப்படாமல், படித்தால் புரியும் எழுத்தில் இருந்தன. அவற்றைக் கொண்டு, அந்த முறையீட்டுத் தளத்துக்குத் தொடர்பே இல்லாத 48 தரவுத்தளங்களுக்குள் அவர்களால் போக முடிந்தது. ஏறத்தாழ 9,000 முறை தேடி, 265 முறை மக்களின் விவரங்களை அள்ளினார்கள். இது 76 நாட்கள் நீடித்தது.

76 நாட்கள் எப்படி ஒருவர் கண்ணிலும் படவில்லை? வெளியே போகும் குறியாக்கம் செய்யப்பட்ட தரவைப் பிரித்துப் பார்த்து, ஐயத்துக்குரியது எதுவும் போகிறதா என்று கவனிப்பதற்கென்றே அங்கே ஒரு கருவி இருந்தது. அப்படிப் பிரித்துப் பார்க்க அதற்குச் செல்லுபடியாகும் டிஜிட்டல் சான்றிதழ், அதாவது காலக்கெடு உள்ள ஒரு சிறு மின்கோப்பு, தேவை. அந்தச் சான்றிதழ் காலாவதியாகி 19 மாதங்கள் ஆகியிருந்தன. சான்றிதழ் இல்லாத கருவி போக்குவரத்தை நிறுத்தவில்லை. எதையும் படிக்காமல் அப்படியே வெளியே விட்டுக்கொண்டிருந்தது. 2017 ஜூலை 29 அன்று ஒருவர் புதிய சான்றிதழைப் பொருத்தினார். பொருத்திய உடனேயே சந்தேகத்துக்குரிய போக்குவரத்து கண்ணுக்குத் தெரிந்தது. மறுநாள் தளம் நிறுத்தப்பட்டது. அந்நிறுவனத்தில் இப்படிக் காலாவதியாகிக் கிடந்த சான்றிதழ்கள் மட்டும் குறைந்தது 324 என்றும், அவற்றுள் 79, தொழிலுக்கு மிக இன்றியமையாத தளங்களைக் கண்காணிக்கும் கருவிகளுக்கு உரியவை என்றும் அந்த அறிக்கை பதிவுசெய்திருக்கிறது.

சான்றிதழ் புதுப்பிப்பது எங்கள் தொழிலில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரிடம் முதல் வாரத்தில் ஒப்படைக்கும் வேலை. எந்தத் தேதியில் காலாவதியாகும் என்பது அந்தச் சான்றிதழின் உள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. அதைச் செய்யாமல் விட்டவர்கள், ஒரு நாட்டு மக்களில் ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் பெயர், பிறந்த நாள், முகவரி, அமெரிக்கர்களின் அடையாள எண்ணாகப் பயன்படும் சமூகப் பாதுகாப்பு எண் ஆகியவற்றை இழந்துவிட்டு, அதை அந்த மக்களுக்குச் சொல்ல மேலும் 40 நாட்கள் எடுத்துக்கொண்டார்கள். செப்டம்பர் 7 அன்று அறிவித்தபோது, பாதிக்கப்பட்டவர்கள் சரிபார்த்துக்கொள்ளத் தனி இணையதளம் ஒன்றைத் திறந்தார்கள். அதன் பெயர் ஏமாற்றுத் தளங்களின் பெயர்களைப் போலவே இருந்ததால், எவ்வளவு எளிதாகப் போலியாக்கலாம் என்று காட்டுவதற்காக ஒரு மென்பொருளாளர் சொற்களை இடம் மாற்றி இன்னொரு தளத்தை உருவாக்கினார். ஈக்விஃபேக்ஸின் அதிகாரபூர்வ ட்விட்டர் கணக்கே அந்தப் போலித் தளத்தின் முகவரியை மக்களுக்குப் பலமுறை கொடுத்தது.

அப்போது தலைமை நிர்வாகியாக இருந்த ரிச்சர்டு ஸ்மித் செப்டம்பர் இறுதியில் ஓய்வு பெற்றார். அக்டோபர் 3 அன்று நாடாளுமன்றக் குழுவின் முன் அமர்ந்து, பேட்ச் போட வேண்டும் என்ற தகவலை உரியவரிடம் சேர்க்காத ஒரு தனிநபரின் தவறு என்று விளக்கம் அளித்தார். அதற்கு முந்தைய நாள்தான் ஒரு மூத்த தொழில்நுட்ப அதிகாரி வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். அந்த மின்னஞ்சலைத் தனக்குக் கீழே உள்ளவர்களுக்கு அனுப்பாமல் விட்டது அவர்மீதான குற்றச்சாட்டு. 400க்கும் மேற்பட்டவர்களுக்குப் போன மின்னஞ்சலை ஒருவர் மறுபடியும் அனுப்பாததால் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் பறிபோயின என்றால், அந்த நிறுவனத்தின் பாதுகாப்பு முழுவதும் ஒரு மனிதரின் நினைவாற்றலில் தொங்கிக்கொண்டிருந்தது என்றுதானே பொருள்? அப்படித் தொங்கவிட்டது யார் என்ற கேள்விக்கு ஸ்மித்தின் விளக்கத்தில் விடை இல்லை.

இதை வாசித்தபோது எனக்கு உடம்பு பதறியதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் கோயம்புத்தூரில் நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், ஆண்டுதோறும் வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக ஒரு தணிக்கைப் படிவம் நிரப்புவோம். எல்லா சர்வர்களிலும் பாதுகாப்புப் பேட்ச்கள் 30 நாட்களுக்குள் போடப்படுகின்றனவா என்று அதில் ஒரு கேள்வி. சம்பளக் கணக்கு ஓடிய பழைய சர்வரில் நான்கு ஆண்டுகளாக எதுவும் போடப்படவில்லை. போட்டால் அந்த மென்பொருள் நின்றுவிடும், புதியது வாங்கப் பணம் ஒதுக்க முடியாது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். உண்மையை எழுதிக் கொண்டுபோனேன். மேலாளர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, ‘ஆம்’ என்று மாற்றிக் கொடுங்கள், கையெழுத்து நீங்கள்தானே போடுகிறீர்கள் என்றார். அவர் கெட்டவர் அல்லர். அவருக்கு மேலே இருந்தவர் அவரிடம் அதையேதான் சொல்லியிருப்பார். நானும் மாற்றினேன், கையெழுத்தும் போட்டேன். இன்றுவரை அது என்னை உறுத்துகிறது. அந்தச் சர்வர் உடைக்கப்பட்டிருந்தால், எழுநூறு தொழிலாளர்களின் வங்கிக் கணக்கு எண்கள் போயிருக்கும். விசாரணையில் என் கையெழுத்து மட்டும்தான் இருந்திருக்கும்.

ஈக்விஃபேக்ஸைத் தாக்கியவர்கள் சீன ராணுவத்தினர் என்று அமெரிக்க நீதித்துறை 2020 பிப்ரவரியில் நால்வர்மீது குற்றம் சாட்டியது உண்மை. இதைச் சொல்லி, ஒரு நாட்டின் ராணுவத்தை எதிர்த்து ஒரு தனியார் நிறுவனம் என்ன செய்ய முடியும் என்று நண்பர்கள் என்னிடம் வாதிடுவதுண்டு. அந்த ராணுவத்தினர் உள்ளே வரப் பயன்படுத்தியது, இரண்டு மாதங்களுக்கு முன்பே உலகம் முழுவதற்கும் அறிவிக்கப்பட்டு, அடைப்பதற்கான பேட்ச்சும் கையில் கொடுக்கப்பட்ட ஓட்டை. ராணுவம் வந்திருக்காவிட்டாலும் வேறு யாராவது வந்திருப்பார்கள். திருட்டு முற்றிலும் தடுத்திருக்கக் கூடியதே என்று மேற்பார்வைக் குழு தெளிவாகவே முடிவு கூறியது. திருடன் வல்லவனாக இருப்பது, வீட்டைத் திறந்து போட்டவருக்கு நற்சான்று ஆகாது.

இனி, பணம். 2019 ஜூலையில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி ஈக்விஃபேக்ஸ் குறைந்தது 57.5 கோடி டாலர், அதிகபட்சம் 70 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்டது. தலைக்கு 125 டாலர் கிடைக்கும் என்று செய்தி பரவியது. ஆனால் அந்த வகைக்கு ஒதுக்கப்பட்டது 3.1 கோடி டாலர் மட்டுமே. வகுத்துப் பார்த்தால், இரண்டரை லட்சம் பேருக்குக்கூட முழுத் தொகை தேறாது. விண்ணப்பங்கள் குவிந்ததும், 125 டாலரை எதிர்பார்க்க வேண்டாம், இலவசக் கடன் கண்காணிப்புச் சேவையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்று அமெரிக்க வர்த்தக ஆணையமே மக்களுக்கு அறிவுரை கூறியது. அந்தச் சேவை முதல் நான்கு ஆண்டுகளுக்கு எக்ஸ்பீரியன் என்னும் இன்னொரு கடன் தகவல் நிறுவனத்தின் வழியாக. அதன் பிறகு ஆறு ஆண்டுகள் வரை ஈக்விஃபேக்ஸ் வழியாகவே. 2017இல் ஈக்விஃபேக்ஸின் வருவாய் 336 கோடி டாலர். திருட்டுக்கு அடுத்த ஆண்டான 2018இல் அது 341 கோடி டாலர். இந்த இரண்டு எண்களையும் பார்க்கும் எந்த நிர்வாகக் குழு, சான்றிதழ் பார்க்க மேலும் நான்கு பேரை வேலைக்கு வைக்கும்? சமூகப் பாதுகாப்பு எண்ணை மாற்றுவது அரிது. பிறந்த நாளை மாற்றவே முடியாது.

பாதுகாப்பையே விற்கும் நிறுவனங்களின் நிலையும் இதுதான். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்னும் இணையப் பாதுகாப்பு நிறுவனம், தன் மென்பொருள் ஓடிய, உலகெங்கும் உள்ள விண்டோஸ் கணினிகளுக்கு ஒரு சிறிய கோப்பை அனுப்பியது. கணினிகளின் உள்ளே இருந்த அதன் நிரல் 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது, கிடைத்தவை 20. இல்லாத 21ஆவதைப் படிக்கப் போய், இயங்குதளத்தின் அடியாழத்தில் ஓடிய அந்த நிரல் கணினியையே வீழ்த்தியது. 78 நிமிடங்களில் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் அதற்குள் 85 லட்சம் கணினிகள், விண்டோஸ் செயலிழந்ததைக் காட்டும் நீலத்திரையில் நின்றுவிட்டன என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. அறுவைச் சிகிச்சைகள் தள்ளிப்போயின, அமெரிக்க விமான நிறுவனமான டெல்டா மட்டும் ஏறத்தாழ 7,000 விமானங்களை ரத்துசெய்தது, இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸ்களைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தாக்குதலாளர் எவரும் இல்லை. எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாமல் முதலில் சிலவற்றுக்கு மட்டும் அனுப்பிப் பார்ப்பது என்ற, எந்தச் சிறிய நிறுவனமும் அறிந்த வழக்கத்தை இவ்வகைக் கோப்புகளுக்குக் கடைப்பிடிக்கவில்லை. 2010 ஏப்ரலில் வைரஸ் தடுப்பு நிறுவனமான மெக்காஃபி இதே போன்ற ஒரு கோப்பை அனுப்பி, விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளை வீழ்த்தியது. 14 ஆண்டுகளில் அந்தப் பாடம் இத்துறையில் படியவில்லை. படியாததற்குக் காரணம் உரிம ஒப்பந்தத்தில் இருக்கிறது. மென்பொருளால் எவ்வளவு இழப்பு நேர்ந்தாலும், செலுத்திய கட்டணத்துக்கு மேல் நாங்கள் பொறுப்பல்ல என்ற வாசகம் இத்துறையில் கிட்டத்தட்ட எல்லா ஒப்பந்தங்களிலும் உள்ளது.

இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது நான் மகிழ்ச்சியோடு வாசிக்கத் தொடங்கினேன். தரவைக் காக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று அதில் இருக்கிறது. அந்தத் தொகை முழுவதும் அரசின் கருவூலமான இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும் என்று 34ஆம் பிரிவு கூறுகிறது. அலட்சியத்தால் பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனமே இழப்பீடு தர வேண்டும் என்று சொன்ன தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவை, இந்தப் புதிய சட்டத்தின் 44ஆம் பிரிவு நீக்குகிறது. தரவைப் பறிகொடுத்தவருக்கென்று எந்தத் தொகையும் இச்சட்டத்தில் குறிப்பிடப்படவில்லை. அவர் பெயரில் அபராதம் மட்டும் ஒன்று இருக்கிறது: ஆதாரமற்ற புகார் அளித்தால், 10,000 ரூபாய் வரை.