லே – தவாங்: 1 மணி 56 நிமிடமாம்

ஜூன் 11, புதன்

மச்சானுக்கு லடாக்கின் லேயிலிருந்து அருணாசலத்தின் தவாங்குக்கு மாற்றல். ரோடு போடுகிற கம்பெனியில் சர்வேயர், அனுப்புகிற இடமெல்லாம் இப்படித்தான். சாயங்காலம் பெரம்பூர் போனேன், அத்தை போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார். "1,545 கிலோமீட்டர், விமானத்துல 1 மணி 56 நிமிஷம்னு போட்டிருக்குடா. இவன் மூணு நாளாகும்கிறான், நடுவுல எங்க போறான்?" மகன் மேல்தான் சந்தேகம், போன் மேல் இல்லை.

அது வெறும் வகுத்தல் கணக்கு அத்தை என்றேன். இரண்டு ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து, பூமி உருண்டை மேல் மிகக் குறுகிய கோட்டைப் போட்டு, மணிக்கு 800 கி.மீ. என்று வகுத்தால் இந்த நேரம் வந்துவிடும். தவாங்கில் பயணிகள் விமான நிலையமே கிடையாது என்பதெல்லாம் அந்தக் கணக்குக்குத் தேவையில்லை.

ஜூன் 12, வியாழன்

ராத்திரி சும்மா மேப்பில் அந்தக் கோட்டைப் போட்டுப் பார்த்தேன், தூக்கம் போய்விட்டது. நேபாளத்துக்கும் வடக்கே, பெரும்பாலும் திபெத்தின் மேலேயே போகிறது. நம் உள்நாட்டு விமானம் சீன வான்வெளிக்குள் புகுந்து வருமா? அது ஒருபக்கம் இருக்கட்டும், மற்ற நாட்டு விமானங்களே முடிந்தவரை திபெத்தை விட்டு ஒதுங்கித்தான் போகின்றன. கேபினில் காற்றழுத்தம் போய்விட்டால் விமானி உடனே மாஸ்க் இல்லாமல் மூச்சுவிடக்கூடிய 10,000 அடிக்கு இறக்க வேண்டும், ஏனென்றால் பயணிகளின் மாஸ்க்கில் ஆக்ஸிஜன் பொதுவாகக் கால் மணி நேரம் வந்தாலே அதிகம். திபெத்திலோ தரையே சராசரியாக 4,500 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 15,000 அடி. எங்கே இறக்குவது?

ஜூன் 13, வெள்ளி

மச்சான் காலையிலேயே லேயில் விமானம் ஏறிவிட்டான். மதியத்துக்கு மேல் அங்கே காற்று தொல்லை, அதனால் பெரும்பாலும் காலை விமானங்கள்தான். 3,200 மீட்டருக்கு மேலே இருக்கிற ஓடுபாதை, காற்று மெலிசு, எடையைக் குறைத்துத்தான் கிளப்ப முடியும். டெல்லிக்கு ஒன்றேகால், ஒன்றரை மணி. அப்புறம் கவுகாத்திக்கு இரண்டரை மணிக்குக் கொஞ்சம் குறைவு. வானத்தில் இருந்தது நாலு மணி நேரம்கூட இல்லை, ஆனால் நாள் முழுக்கப் போய்விட்டது.

மின்சாரம் இல்லை, இதை மொட்டை மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

தவாங் போய்ச் சேர்ந்துவிட்டான். கவுகாத்தியிலிருந்து சுமார் 500 கி.மீ. மலை ரோடு, மழையும் ஆரம்பித்துவிட்டது, நேற்று ராத்திரி வழியில் திராங்கில் தங்கல். ஹெலிகாப்டர் உண்டு, ஆனால் மேகம் இறங்கினால் அதுவும் இல்லை. 2024 மார்ச்சில் திறந்த சேலா சுரங்கப்பாதையால் கணவாயின் உச்சி வரை ஏற வேண்டியிருக்கவில்லை என்று அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான், தொழில் புத்தி. லேயை விட அங்கே இப்போது ஏறத்தாழ நாற்பது நிமிடம் முன்னதாக விடிகிறதாம், கடிகாரம் மட்டும் ஒரே மணி காட்டுகிறது.

சென்னையிலிருந்து கவுகாத்தி எவ்வளவு தூரம் என்று அத்தை கேட்டார். நேர்க்கோட்டில் 1,890 கி.மீ. அளவில் வரும், லே–தவாங்கை விட அதிகம். ஆனால் நேரடி விமானம் இருக்கிறது, மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. மழை விட்டதும் அக்டோபரில் போகிறாராம், நானும் கூட வர வேண்டுமாம். அருணாசலத்துக்குள் நுழைய இன்னர் லைன் பெர்மிட் வேண்டும் என்றதற்கு, "அதுக்கென்ன, போட்டுடு" என்று ஆதார் அட்டையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார்.