மேடைக்கு ஒரு பேஸ் ஆம்ப்

ஜூன் 4

ஆகஸ்ட் மாத நிகழ்ச்சி உறுதியாகிவிட்டது. குழுவில் நான் பேஸ் கிட்டார் வாசிப்பவன். என்னிடம் இருக்கும் 40 வாட் ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் கருவி) அறையில் பழகுவதற்குப் போதும். டிரம்ஸ் பக்கத்தில் அதன் குரல் எடுபடாது. 500 வாட் அளவில் ஒன்று தேடுகிறேன். "என்னுடைய 30 வாட் வால்வ் (வெற்றிடக் குழாய்) ஆம்ப்பே மேடையை நிரப்புகிறது, உனக்கு எதற்கு 500?" என்று கேட்டான் கிட்டார் வாசிக்கும் நண்பன். நியாயமான கேள்விதான். அவனுடைய தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது, என்னுடையது 41. அவ்வளவு தாழ்ந்த ஒலியை நம் காது மந்தமாகவே வாங்கும். மற்ற ஒலிகளுக்கு ஈடாக அது கேட்கவேண்டுமானால் ஸ்பீக்கர் மிக அதிகமாகக் காற்றைத் தள்ளவேண்டும். அதோடு, ஆம்ப் திணறும்போது வரும் கரகரப்பு அவனுக்கு அழகு. எனக்கோ சுரம் தெளிவாக நிற்கவேண்டும். ஒவ்வொரு அடிக்கும் ஆம்ப்பில் மிச்ச சக்தி வேண்டும்.

ஜூன் 9

விவரத்தாள்களைப் படித்துக்கொண்டே இருக்கிறேன். 500 வாட்டா, 800 வாட்டா என்று மல்லுக்கட்டுவதில் பொருளில்லை. வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபெல்தான். காதுக்கு இரு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். ஆனால் ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் உணர்திறன் (ஒரே அளவு வாட்டுக்கு அது தரும் சத்தம்) 97 டெசிபெல், இன்னொன்றுக்கு 100 என்றால், இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பது ஆம்ப்பின் வாட்டை இரட்டிப்பாக்குவதற்குச் சமம். பணத்தைப் பெட்டியில் போடவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வாட்டைப் பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்கள். அது தொடர்ச்சியான சக்தியா, கணநேர உச்சமா என்பதைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டியிருக்கிறது.

ஜூன் 10

ஓம் கணக்கு, அதாவது மின்னோட்டத்துக்குப் பெட்டி காட்டும் தடையின் அளவு. 8 ஓம் பெட்டிகள் இரண்டை இணையாக இணைத்தால் 4 ஓம். குறைந்தபட்சம் 4 ஓம் என்று குறிப்பிட்ட ஆம்ப்பில் அதற்குமேல் மூன்றாவது பெட்டி கூடாது. 4 ஓமில் 500 வாட் தருவது 8 ஓமில் ஏறத்தாழ பாதிதான் தரும்.

ஜூன் 15

நண்பனின் அண்ணனிடம் பழைய ஆம்பெக் எஸ்விடி இருக்கிறது. 1969இல் அறிமுகமான வடிவம்: 300 வாட் வால்வ் ஆம்ப், பத்து அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு கொண்ட பெட்டி. முதல் சுரத்திலேயே மனம் பறிபோனது. பலமாக அடித்தால் சற்று அமுங்கி, உருண்டு, தந்தியின் உறுமலோடு வருகிறது. மெதுவாகத் தொட்டால் பாடுகிறது. வெகுநேரம் எழ மனமே வரவில்லை. ஆனால் ஆம்ப்பை மட்டும் தூக்கவே இருவர் வேண்டும். பெட்டிக்குத் தனி வண்டி வேண்டும். நாங்கள் நால்வரும் ஒரே காரில் போகிறவர்கள். அந்த ஒலிக்கு ஈடில்லை என்பதை ஒப்புக்கொண்டே விலகுகிறேன்.

ஜூன் 22

இரவல் வாங்கிய கிளாஸ் டி (எடை குறைந்த மின்னணு வகை) ஆம்ப்புடன் ஒத்திகை. மூன்று கிலோகூட இல்லை. தனியாக வாசித்தபோது தாழ்ந்த ஒலிக்கான பேஸ், உயர்ந்த ஒலிக்கான ட்ரெபிள் குமிழ்களை ஏற்றி, இடைப்பட்ட மிட்டைக் குறைத்த ஒலி மிக அழகாக இருந்தது. குழு சேர்ந்ததும் அது இருந்த இடமே தெரியவில்லை: அடியில் கிக் டிரம், மேலே சிம்பல். அழகைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, 800 ஹெர்ட்ஸ் பக்கம் ஏற்றி, அடியைக் குறைத்தேன். தனியே கேட்டால் மூக்கால் பேசுவது போன்ற ஒலி. பாட்டுக்குள் ஒவ்வொரு சுரமும் துலங்கியது. டிரம்மர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கடையில் தனியாக அமர்ந்து ஆம்ப் தேர்ந்தெடுக்கக்கூடாது என்று இனி யார் கேட்டாலும் சொல்வேன்.

நீளமான கேபிளுடன் அறையின் கோடிக்கும் போய்ப் பார்த்தேன். 41 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 8 மீட்டருக்கு மேல். ஓரிடத்தில் அது வீங்குகிறது, நாலடி தள்ளினால் மெலிகிறது. என் காலடியில் கேட்பதை மட்டும் நம்பிக் குமிழ் திருப்பினால் கேட்பவர்களுக்கு வேறொன்று போய்ச் சேரும்.

ஜூன் 27

நிகழ்ச்சியின் ஒலிப்பொறியாளரிடம் பேசினேன். "தம்பி, உன் ஆம்ப் உனக்கும் டிரம்மருக்கும் கேட்டால் போதும். அரங்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். டிஐ வெளியீடு மட்டும் இரைச்சலில்லாமல் சுத்தமாக வரட்டும்" என்றார். ஆம்ப்பிலிருந்து நேராக அவருடைய மிக்சருக்குப் போகும் இணைப்புதான் டிஐ. ஈக்யூவுக்கு, அதாவது பேஸ், மிட், ட்ரெபிள் குமிழ்களுக்கு, முன்னாலேயே அந்த ஒலியை எடுக்கும் பொத்தான் இருக்கவேண்டுமாம். மேடையில் நான் குமிழைத் திருப்பினால் அரங்கத்தின் ஒலி மாறக்கூடாது. கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானும் (டிஐ இணைப்பின் தரை இணைப்பைத் துண்டிப்பது) கேட்டார், மின் இரைச்சலைத் தவிர்க்க. 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடிகட்டி இருந்தால் இன்னும் நல்லது: காதில் அதிகம் விழாத அந்த அசைவுக்காக ஸ்பீக்கரும் ஆம்ப்பும் வீணாக உழைக்கவேண்டியதில்லை.

ஜூலை 2

முடிவு செய்துவிட்டேன். 500 வாட் கிளாஸ் டி ஆம்ப், எடை குறைந்த நியோடிமியம் காந்தமுள்ள பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று மட்டும் கொண்ட பெட்டிகள் இரண்டு, தலா 8 ஓம். சிறிய இடத்துக்கு ஒன்று போதும். பெரிய மேடையில் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் மேல் ஸ்பீக்கர் காதுக்கு அருகில் வருகிறது. சத்தத்தைக் கூட்டாமலே என் வாசிப்பு எனக்குக் கேட்கும். இணைப்புக்கு ஸ்பீக்கான் கேபிள்கள். திருகிப் பூட்டிக்கொள்வதால் யாராவது இடறினாலும் கழன்றுவிடாது. டிரம்மர் தன் ஹை-ஹாட் (காலால் இயக்கும் சிம்பல் ஜோடி) பக்கத்திலேயே பெட்டிகளை வைக்கச் சொல்கிறார். சனிக்கிழமை அப்படியே வைத்து வாசிக்கப்போகிறோம்.